பிளேட் ரன்னர் 2049: ‘அழகு, ஆனால் மெதுவு’

கேள்வி
9 நவம்பர் 2024, இரவு 10.12

‘பிளேட் ரன்னர் 2049’ வந்தபோது விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள், அதனால்தான் படம் படுத்தது. இப்போது அதே ஆட்கள் காவியம் என்கிறார்கள். ஒளிப்பதிவை எடுத்துவிட்டால் அதில் என்ன மிச்சம்? 2 மணி 43 நிமிடம் ஓடும் விலையுயர்ந்த ஸ்கிரீன்சேவர். பாதிப் படம் இருட்டு, மீதி ஆரஞ்சு. யாராவது விளக்குங்கள்.

பதில்
9 நவம்பர், இரவு 10.58

இரண்டு படங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். விமர்சகர்களிடம் அடி வாங்கியது 1982 ஜூன் 25 அன்று வந்த முதல் படம். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் ஷீலா பென்சன் அதற்கு ‘பிளேட் கிராலர்’ என்றே பட்டம் கட்டினார். ஓடவில்லையாம், தவழ்கிறதாம். நியூயார்க்கரில் பாலின் கேலும் விட்டுவைக்கவில்லை. ரோஜர் ஈபர்ட் 3 நட்சத்திரம் கொடுத்தார். காட்சிகள் பிரமாதம், மனிதக் கதை மெலிசு என்பது அவர் கட்சி. 117 நிமிடப் படத்துக்கே தவழ்கிறது என்றார்கள் என்றால் 163 நிமிடத்துக்கு என்ன சொல்வது.

2017-இல் நடந்தது நேர் எதிர். விமர்சனங்களைத் திரட்டி மதிப்பெண் போடும் தளங்களான ராட்டன் டொமேட்டோஸில் 88 சதவீதம், மெட்டாகிரிட்டிக்கில் 81. கார்டியனில் பீட்டர் பிராட்ஷா 5-க்கு 5 போட்டார். படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டு மதிப்பெண் போடும் சினிமாஸ்கோரில் ‘ஏ மைனஸ்’. விமர்சகர்களும் திட்டவில்லை, பார்த்தவர்களும் திட்டவில்லை. கூட்டம்தான் வரவில்லை.

9 நவம்பர், இரவு 11.20

வசூலையும் சொல்லிவிடுகிறேன். செலவு 15 முதல் 18.5 கோடி டாலர் வரை என்று செய்திகளில் வந்தது, விளம்பரச் செலவு தனி. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 5 கோடி. கடைசியில் அங்கே 9 கோடிச் சொச்சம், உலகம் முழுக்கச் சேர்த்து 26 கோடியை ஒட்டி. இதில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும். தயாரித்த ஆல்கானுக்கு 8 கோடி டாலர் வரை கை கடித்திருக்கலாம் என்று அப்போதே கணக்குப் போட்டார்கள்.

10 நவம்பர், காலை 7.05

திருத்தம். நேற்று ராத்திரி எழுதிய 5 கோடி, படம் வருமுன் இருந்த எதிர்பார்ப்பு. உண்மையில் வந்தது 3.2 கோடிச் சொச்சம்தான். மற்ற எண்கள் சரி.

தூங்கி எழுந்து பார்த்தால் இன்னொன்றையும் மாற்றவேண்டியிருக்கிறது. ‘விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மக்கள் வரவில்லை’ என்று கோடு போட்டுவிட்டேன். அந்தக் கொண்டாட்டத்தையே கொஞ்சம் சந்தேகப்படலாம். அன்றைய விமர்சனங்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒரே மாதிரி இருக்கும்: முதல் பத்தியில் முந்தைய படத்தின் புகழ், இரண்டாவதில் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீகின்ஸுக்கு ஆஸ்கர் கொடுங்கள், மூன்றாவதில் ‘கொஞ்சம் நீளம்’, கடைசியில் நட்சத்திரம். கதையைப் பற்றி ஒன்றுமே இருக்காது. காரணம் இருக்கிறது. முன்கூட்டியே படம் பார்த்தவர்களிடம் இன்னின்னதை எழுதாதீர்கள் என்று இயக்குநர் டெனி வில்நெவ் பெயரில் வேண்டுகோள் போனது. கதாநாயகன் ‘கே’ ஒரு ரெப்ளிகன்ட், அதாவது மனித உருவில் செய்த செயற்கை ஆள், என்பதைக்கூடச் சொல்லக்கூடாது. அது படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும் சங்கதி! கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து மாப்பிள்ளை யாரென்று சொல்லாமல் சாப்பாட்டை மட்டும் புகழ்ந்த கதை.

விளைவு என்னவென்றால், படத்தில் விவாதிக்க வேண்டிய எதையும் விவாதிக்க முடியாமல் எல்லோரும் ஒளிப்பதிவையே எழுதினார்கள். டிரெய்லரும் கதையை மூடிவைத்தது. 1982 படத்தைப் பார்த்திராத ஒருவர் இதை நம்பி எதற்காக டிக்கெட் எடுப்பார்? உங்கள் ‘ஸ்கிரீன்சேவர்’ பட்டத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

10 நவம்பர், மதியம் 1.30

‘ஒளிப்பதிவை எடுத்துவிட்டால்’ என்று கேட்டிருந்தீர்கள். எடுத்துப் பார்க்கலாம், ரெப்ளிகன்ட்களைத் தயாரிக்கும் முதலாளி வாலஸின் அறையிலிருந்து.

அந்த அறையில் ஜன்னல் கிடையாது. மரச்சுவர், நடுவில் தண்ணீர் சூழ்ந்த மேடை, அதற்குப் போகும் நடைபாதை. வெளிச்சம் ஒரு நிலையில் நிற்பதே இல்லை; சூரியன் அவசரமாக ஓடுவதுபோல நிழல்கள் சுவரில் ஊர்ந்துகொண்டே இருக்கும். இது கணினி வேலை கிடையாது. மேலே இரண்டு வளையங்களாக, ஒன்றுக்குள் ஒன்றாக, 256 ஃப்ரெனல் விளக்குகள் (ஒளியைக் குவிக்கும் லென்ஸ் வைத்த படப்பிடிப்பு விளக்கு). ஒவ்வொன்றும் 300 வாட். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பலகையில் ஒரு விளக்கு ஏறும்போது முந்தையது இறங்கும். அலை வளையத்தைச் சுற்றி ஓடும், கீழே நிழல் நகரும்.

ஏன் அத்தனை விளக்கு? பத்துப் பன்னிரண்டு விளக்கை வைத்து இதைச் செய்தால் ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது நிழல் தாவும். மாறும் அந்த நொடியில் ஒரே ஆளுக்கு இரண்டு நிழல் தெரியும். விளக்குகளை நெருக்கி வைக்க வைக்கத் தாவல் குறைந்து ஊர்தலாகிறது. நீரலை வெளிச்சமும் நிஜத் தண்ணீரில் பட்டுத் தெறித்ததுதான். தண்ணீரைக் கலக்கும் வேகத்தை வைத்தே சுவரில் ஆடும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம்.

இப்போது கதைக்கு வருவோம். அறைக்குச் சொந்தக்காரனான வாலஸுக்குக் கண் தெரியாது. பகலையே அறைக்குள் ஓட்டிக்காட்டும் செலவாளி; அதைப் பார்க்கத்தான் கண்ணில்லை. வந்து நிற்பவர்கள் முகத்தில் வெளிச்சம் வந்துவந்து போகிறது, அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவன் தன்னைக் கடவுளாக நினைத்துக்கொள்கிறான் என்பதற்கு வாலஸாக நடித்த ஜாரட் லெட்டோ பேசும் வேதாந்தம் எதுவும் தேவைப்படவில்லை. பேச்சை வெட்டியிருந்தால் அந்தப் பாத்திரம் இன்னும் பயமுறுத்தியிருக்கும். ‘லெட்டோ ஓவர்’ என்று எழுதியவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

10 நவம்பர், மதியம் 1.52

ஆரஞ்சு பற்றி. லாஸ் வேகாஸ் பகுதிக்கு முன்மாதிரி, 2009 செப்டம்பரில் சிட்னியை மூடிய புழுதிப்புயலின் புகைப்படங்கள். அவற்றைப் பார்த்தால் படத்தில் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை என்பது தெரியும். அந்த நிறத்தைப் படப்பிடிப்பிலேயே பிடித்துவிட்டார்கள், பிற்பாடு கணினியில் நிறம் திருத்தும் கலர் கிரேடிங்கில் பூசிய வண்ணம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தோலில் தெரியும். பிற்பாடு பூசினால் முகமும் சுவரும் ஒரே சாயத்தில் தோய்த்த துணிபோல இருக்கும். இங்கே ‘கே’யாக நடித்த ரயன் காஸ்லிங் முகத்தில் நிழல்பக்கம் தனியாக நிற்கிறது.

வேகாஸ் என்றேனே தவிர அங்கே யாரும் கேமராவைக் கொண்டுபோகவில்லை. 2016-இல் படப்பிடிப்பு பெரும்பாலும் ஹங்கேரியில் நடந்தது. முதல் படத்தின் நாயகன் டெக்கார்ட் ஒளிந்திருக்கும் ஹோட்டலின் கூடம் புடாபெஸ்டின் பழைய பங்குச்சந்தைக் கட்டடம்.

10 நவம்பர், இரவு 9.15

ஒருவர் கேட்கிறார்: ‘அதெல்லாம் சரி, பெண்களைக் காட்டிய விதத்துக்கு விழுந்த அடியை மட்டும் ஏன் தாண்டிப் போகிறீர்கள்?’

தாண்டவில்லை. இந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களிலேயே சத்துள்ளது அதுதான். முதல் வார நட்சத்திரங்கள் அடங்கி, கதையை வெளிப்படையாகப் பேச வாய் திறந்தபின் வந்தது. குற்றச்சாட்டு மூன்று. வாலஸ் அப்போதுதான் பிறந்த ரெப்ளிகன்ட் பெண்ணை நிர்வாணமாக நிறுத்தி வயிற்றைக் கிழிப்பது. ஜாய் என்னும் விலைக்கு வாங்கிய ஹோலோகிராம் காதலி. கட்டடம் அளவு உயரத்தில் இளஞ்சிவப்பாக நிற்கும் ஜாயின் நிர்வாண விளம்பரம். சினிமா சமூகத்துக்குக் கண்ணாடி, இன்றைய உலகம் பெண்களுக்கு இதமாக இல்லை என்று வில்நெவ் ஒரு பேட்டியில் பதில் சொன்னார்.

அந்தப் பதில் பாதி சரி. விளம்பரக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாய் தன் காதலனுக்கு ஆசையாக வைத்த பெயர் ‘ஜோ’. அவள் அழிந்தபிறகு, அடிபட்டு மூக்கில் பிளாஸ்டரோடு பாலத்தில் நிற்கும் அவனைப் பார்த்து அந்த ராட்சத விளம்பரமும் ‘ஜோ’ என்றே கூப்பிடுகிறது. ஆசை வைத்த பெயர் எல்லாருக்கும் சொல்லும் வியாபாரப் பெயராக இருந்திருக்கிறது. அவள் காதலித்தாளா, மென்பொருள் அப்படித்தான் பேசுமா? விளம்பரத்தின் நிர்வாணம் அங்கே கேள்வியாகவே நிற்கிறது, யாரும் அதை ரசித்துவிட்டுப் போக முடியாது.

வாலஸ் காட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் கொடூரன் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை, வசனமில்லை. கேமரா, பக்கத்தில் நிற்கும் அவன் உதவியாளர் லவ்வின் முகத்திலேயே நின்றிருந்தால் போதும். லவ்வாக நடித்த சில்வியா ஹூக்ஸ் ஒரு துளிக் கண்ணீரில் அதைச் செய்துமுடிக்கிறார்.

இன்னொரு குறையும் நியாயமானதே. ஊர் முழுக்க ஆசிய எழுத்துப் பலகைகள். அந்த எழுத்தைப் படிக்கக்கூடிய முகங்கள் முக்கியப் பாத்திரங்களில் இல்லை. 1982 படத்திலிருந்து அலங்காரத்தை மட்டும் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள்.

11 நவம்பர், காலை 6.40

ஜாய் என்றதும் தொழில்நுட்பம் ஒன்று. திரையில் ஆவி என்றால் வழக்கமாக ஆளைப் பாதி ஒளிபுகும்படி மங்கவைப்பார்கள். அப்படிச் செய்தால் ஆள் தட்டையாகிவிடும், கண்ணாடியில் ஒட்டிய படம் மாதிரி. காட்சி விளைவுகள் செய்த டபுள் நெகட்டிவ் ஆட்கள் வேறு வழி பிடித்தார்கள். ஜாயாக நடித்த அனா டி ஆர்மாஸை உடையோடு அங்குலம் அங்குலமாகப் பதிவுசெய்து கணினியில் உள்ளே வெறுமையான ஓர் உருவம் செய்தார்கள். பிறகு அவர் நடித்த ஒவ்வொரு பிரேமிலும் அந்த உருவத்தை அவர் உடம்போடு பொருத்தினார்கள். முன்பக்கம் நிஜ நடிகை. அவர் வழியாகத் தெரிவது முதுகுப்பக்க ஓட்டின் உட்புறம். அவர் திரும்பும்போது மட்டும் ஓட்டின் விளிம்பு ஒரு கோடாக மின்னும். மழைக் காட்சியில் நிறுத்திப் பாருங்கள், தோளருகே தெரியும்.

மரியட் என்ற, உடம்புள்ள ரெப்ளிகன்ட் பெண்ணின்மேல் ஜாய் படிந்து இருவரும் ஒருவராகும் காட்சியில் இது இன்னும் சிக்கல். இரண்டு நடிகைகளும் ஒரே அசைவைத் தனித்தனியாக நடித்தார்கள். கை சரியாகப் பொருந்தாது, கண் ஒரு இமைப்பொழுது பிந்தும். அந்தப் பிசகை அப்படியே விட்டார்கள். முழுக்கப் பொருந்தியிருந்தால் இரண்டுபேர் என்பதே மறந்துபோயிருக்கும். பிசகுகிற இடங்களில்தான் மூன்றாவதாக ஒருத்தி எட்டிப்பார்க்கிறாள்.

11 நவம்பர், காலை 6.48

ஆஸ்கர் எத்தனை வாங்கியது என்று கேட்டவருக்கு: 5 பரிந்துரை, 2 விருது. ஒளிப்பதிவு, காட்சி விளைவுகள். டீகின்ஸுக்கு அது 14-ஆவது பரிந்துரை, முதல் வெற்றி. ஒலிக்கான இரண்டு விருதும் ‘டன்கிர்க்’குக்குப் போயின. சிறந்த படம், இயக்கம் இரண்டிலும் பெயரே இல்லை. அகாடமியும் நம் கேள்விக்காரர் கட்சிதான் போல.

11 நவம்பர், இரவு 8.30

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் சொன்னதை அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன்: முதலில் பார்த்தது 3டி-யில், பிறகு வீட்டு டிவியில். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இங்கே எழுதியதில் பாதி மிச்சமாகியிருக்கும்!

தியேட்டரில் 2டி படத்துக்கு விதிக்கப்பட்ட வெளிச்சம் திரையில் 48 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டி கண்ணாடி போட்டபின் கண்ணுக்கு வருவது பல இடங்களில் 15 நிட்டுக்கும் கீழே. வெயிலும் வெடியுமாகப் போகும் படத்தில் இது அவ்வளவாக உறுத்தாது. இந்தப் படத்தின் பாதிக் காட்சிகள் ஏற்கெனவே அளவின் கீழ்முனையில் உட்கார்ந்திருப்பவை. ஆரம்பத்தில் ‘கே’ தேடிப்போகும் சாப்பர் மார்ட்டனின் சமையலறையை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம், அடுப்பில் கொதிக்கும் பாத்திரம், மூலையில் உட்கார்ந்து காத்திருக்கும் ‘கே’. வெளிச்சம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் மூலையில் ஆள் இருப்பதே தெரியாது. காட்சியின் திகிலே அவன் அங்கே உட்கார்ந்திருப்பதுதான். எடுத்ததும் 2டி-யில்தான், 3டி பிற்பாடு மாற்றியது. டீகின்ஸே 2டி-யைத்தான் சிபாரிசு செய்தார்.

‘வசனம் காதில் விழவில்லை’ என்ற புகாருக்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. தியேட்டர் ஒலிக்கட்டுப்பாட்டில் 7 என்பது கலவை செய்தவர்கள் வைத்துக் கேட்ட அளவு. படம் காதைப் பிளக்கிறது என்று நாலுபேர் புகார் சொன்னதும் ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார். இடி முழக்கம் அடங்குகிறதோ இல்லையோ, வாலஸின் முணுமுணுப்பு முதலில் காணாமல் போகும்.

11 நவம்பர், இரவு 9.05

வீட்டில் பார்க்க, வரிசையாக:

டிவியில் ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ மோடு. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைக்கவும். அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் சென்சாரை அணைக்கவும். அறை இருட்டானதும் அது டிவியையும் இருட்டாக்கும், இந்தப் படத்தில் அது கொலை.

அடுத்து கருப்பு அளவு. வட்டு இயக்கியும் டிவியும் எச்டிஎம்ஐ-யில் ஒரே வரம்பில் இருக்கவேண்டும், இரண்டும் ‘லிமிடெட்’ அல்லது இரண்டும் ‘ஃபுல்’. இயக்கி ‘ஃபுல்’, டிவி ‘லிமிடெட்’ என்றால் நிழல் எல்லாம் தாராகக் கட்டிப்போகும். தலைகீழாக இருந்தால் கருப்பு சாம்பலாக வெளுக்கும். பலர் ‘இருட்டு’ என்று சொல்வது முதல் ரகம்.

வெளிச்ச வீச்சை விரிக்கும் எச்டிஆர் வட்டைப் போட்டுவிட்டு ‘பளிச்சென்று இல்லையே’ என்று டிவியைக் குறை சொல்லவேண்டாம். இதன் கிரேடிங்கே அடக்கமானது, உச்ச வெளிச்சம் பெரும்பாலும் 200 நிட்டைத் தாண்டாது. 1000 நிட் டிவிக்காரர்கள் ஏமாந்ததாக நினைத்து ‘விவிட்’ மோடு போடுவார்கள். போட்டால் ஆரஞ்சு, ஃபேன்டா ஆகிவிடும்.

12 நவம்பர், காலை 7.20

நீளம் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைவூட்டினார்கள். முதல் படத்தை இயக்கிய ரிட்லி ஸ்காட்டே படம் நீளம், அரைமணி நேரத்தை வெட்டியிருப்பேன் என்றார். தயாரிப்பில் அவர் பெயரும் இருக்கிறது, இதையும் அவரே சொன்னார்! எடிட்டர் ஜோ வாக்கர் முதலில் கோத்தது 4 மணி நேரத்தை ஒட்டி. இரண்டு பாகமாக விடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள்.

எங்கே வெட்டுவது? ரெப்ளிகன்ட் புரட்சிப்படை வந்துபோகும் பகுதியை நான் வெட்டுவேன். இன்னொரு படத்துக்குத் துண்டு போட்டு இடம்பிடித்த மாதிரி இருக்கிறது. அனாதை விடுதியில் ‘கே’ அடுப்பை நோக்கி நடக்கும் நேரத்தில் கை வைக்கமாட்டேன். அவன் நினைவில் உள்ள மரக்குதிரை அங்கே இருந்தால், ரெப்ளிகன்டுக்குப் பிறந்த அதிசயக் குழந்தை தானே என்றாகும். அது இருக்கக்கூடாதே என்று அவனும் வேண்டுகிறான், இருக்கவேண்டுமே என்றும் வேண்டுகிறான். வேகமாக நடந்தால் இரண்டில் ஒன்றுதான் தெரியும்.

12 நவம்பர், காலை 7.41

மேலே சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். புரட்சிப்படையை முழுக்க வெட்டினால், பிறந்த குழந்தை பெண், அது அவன் இல்லை என்று அவனுக்கு யார் சொல்வது? அந்த ஒரு வரி வேண்டும். படையை வெட்டிவிட்டு, அந்த வரியைச் சொல்லும் அதன் தலைவியான கிழவியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

12 நவம்பர், இரவு 10.10

ரேச்சல் கண் சண்டை இங்கேயும் வந்துவிட்டது. சுருக்கமாக: டெக்கார்ட் முதல் படத்தில் காதலித்த ரேச்சலை, அதே இளமையோடு வாலஸ் அவன்முன் கொண்டுவந்து நிறுத்துகிறான். திரையில் இது எம்பிசி என்ற காட்சி விளைவு நிறுவனத்தின் வேலை. உடம்பு மாற்று நடிகையுடையது, முகம் முழுக்கக் கணினி. டெக்கார்ட் பார்த்துவிட்டு, அவள் கண் பச்சை என்று சொல்லி நகர்கிறான். 1982 படத்தில் ரேச்சலாக நடித்த ஷான் யங்கின் கண் பழுப்பு. ஆனால் அதே படத்தில் அவளைச் சோதிக்கும் இயந்திரத் திரையில் தெரிவது பச்சைக் கண்.

ஆக, டெக்கார்ட் பொய் சொல்லித் தப்பிக்கிறான் என்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு, உண்மையைச் சொல்கிறான் என்பவர்களுக்கும் உண்டு. என் ஓட்டு பொய்க்கு. சொல்லும்போது டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் குரலில் இருப்பது வலி. அச்சு அசலாக அவளே வந்து நிற்பதால்தான் அது வலிக்கிறது.

14 நவம்பர், இரவு 9.30

கேள்விக்காரர் மறுபடி பார்க்கப்போகிறாராம். முதல் படத்தை இன்னொரு முறை பார்ப்பதானால் 2007-இல் மறுபடி தொகுத்து வந்த ‘ஃபைனல் கட்’. இடையில் நடந்ததைச் சொல்லும் மூன்று குறும்படங்களில் ஷினிசிரோ வாடனாபே இயக்கிய ‘பிளாக் அவுட் 2022’ அனிமே ஒன்றே போதும்; தரவுகள் எல்லாம் ஏன் அழிந்தன, ‘கே’ எதற்காகப் பழைய பதிவேட்டைத் தேடி அலைகிறான் என்பது அதில் இருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் வேகாஸ் வந்ததும் வானத்தைக் கவனியுங்கள். ஆரஞ்சு மேலே போகப் போகப் படிப்படியாக வளையம் விழுந்திருந்தால் உங்கள் இணைப்பில் நொடிக்கு வரும் தரவின் அளவு (பிட்ரேட்) போதவில்லை. டிவியைத் திட்டாமல் வட்டு வாங்குங்கள்.